சித்தன்னவாசல் பக்கம்தான், ஓவிய வகுப்பு எங்கே?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். சித்தன்னவாசல் அறிவர் கோயில் கூரையை அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம். மீன், யானை, எருமை, நடுவில் பூப்பறிக்கும் ஆட்கள். இந்த ஓவியங்களின் சுண்ணப் பூச்சையும் நிறங்களையும் 1930களில் ஆராய்ந்து, வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண் என்று பிரித்துச் சொன்னவர் ஓவியர் அல்லர். சென்னை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் எஸ்.பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரத்து ஓவியங்களையும் அவர் இப்படியே ஆராய்ந்தார்.

இன்று புதுக்கோட்டையில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் ஓவியமும் கற்க ஆசை வந்தால் எங்கே போவாள்? அவளுடைய கல்லூரியில் ஓவியத் துறை இருக்காது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் மட்டும் படித்து, அந்த கிரெடிட்டைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

விதி முடியும் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிமுறைகளை வெளியிட்டது. 'ஏ.பி.சி.' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். ஒரு நிறுவனத்தில் பெற்ற கிரெடிட்டை இந்தக் கணக்கில் போட்டுவைத்து, இன்னொரு நிறுவனம் தரும் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பட்டம் தரும் நிறுவனத்திலேயே பாதிக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2022இல் மானியக் குழு இன்னொரு வழிகாட்டுதலையும் தந்தது: அருகருகே உள்ள கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து, ஒன்றின் மாணவர் மற்றொன்றில் பாடம் எடுக்க வழிசெய்யலாம்.

வங்கி என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. கணக்கு தொடங்குவது ஐந்து நிமிட வேலை. உள்ளே வந்த கிரெடிட்டைப் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கலாமா என்பதை முடிவு செய்வது பல்கலைக்கழகமும் அதன் பாடத்திட்டக் குழுவும்தான். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. சிற்பத்துறை உள்ள தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தனி. கட்டடக்கலை சொல்லித்தரும் திருச்சி என்.ஐ.டி. மத்திய அரசு நிறுவனம். நான்கும் நான்கு வீடு. ஒரு வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டில் சாப்பிட, இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் வேண்டும்.

இரு வீட்டாரும் ஒத்துப்போன இடமும் உண்டு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகமும் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியும் ஒரே குன்றின் மேல் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் பதிவு செய்துகொண்டு மற்றொன்றில் போய்ப் படிக்கலாம். 2008 முதல் இரண்டு பட்டமும் சேர்த்து வாங்கும் ஐந்தாண்டுப் படிப்பே நடக்கிறது. காரணம் பெருந்தன்மை மட்டுமல்ல. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடந்தே போய்விடலாம். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். கும்பகோணம் அதற்கும் அப்பால். மாணவர் பஸ் பாஸோ வீட்டுக்கும் சொந்தக் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும்.

ஓவிய வகுப்பு ஐம்பது நிமிட பீரியடில் அடங்குவதும் இல்லை. காகிதத்தை ஒட்டி, உருவத்தை அளந்து, முதல் கோடுகளை அழித்து முடிப்பதற்குள்ளேயே மணி அடித்துவிடும். சேர்ந்தாற்போல மூன்று மணி நேரமாவது வேண்டும். இந்த இடத்தில் நம் ஊர் ஏற்பாடு ஒன்று கைகொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசுக் கலைக் கல்லூரிகள் சில இரண்டு ஷிப்டாக நடப்பதுண்டு. இடமில்லாமல் வந்த ஏற்பாடு அது. ஆனாலும் அங்கே மாணவருக்கு அரை நாள் கையில் நிற்கிறது. அந்த அரை நாளையும் சனிக்கிழமையையும் வைத்து ஓர் ஒப்பந்தம் போட எந்தக் கல்லூரி முதல்வருக்கும் கூடுதல் கட்டடம் தேவைப்படாது.

அதுவரை? பட்டப் பாடத்திட்டத்தின் பகுதி நான்கில் வரும் 'நான்-மேஜர் எலக்டிவ்' பாடத்தைக் கவனியுங்கள். சொந்தக் கல்லூரியிலேயே வேறு துறைப் பாடம் ஒன்றைப் படிக்க இடம் தருவது அது. வரலாற்றுத் துறை தொல்லியலோ கோயிற்கலையோ நடத்தினால் அதுவே நல்ல தொடக்கம். அடுத்தது மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாகப் படிக்க, ஸ்வயத்துக்கென மானியக் குழு தந்த 2021 விதி இடம் தருகிறது. கலை வரலாறும் வடிவமைப்பும் ஐ.ஐ.டி. ஆசிரியர்களே நடத்துகிறார்கள். சேர்வதற்குக் கட்டணம் இல்லை; தேர்வு எழுதத்தான் பணம் கட்ட வேண்டும். கலை வரலாற்றுக்கு இது போதும். கை பழக, பக்கத்தில் நின்று கோட்டைத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும். அதை வீடியோவில் எதிர்பார்க்க முடியாது.

வகுப்பு நேரம் மோதாவிட்டால் ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் மானியக் குழு அனுமதித்தது. ஆகவே பட்டத்தோடு தொலைநிலைப் பட்டயம் ஒன்றையும் சேர்த்துப் படிக்கலாம். அந்தச் சான்றிதழ் தனி, பி.எஸ்சி. கிரெடிட்டில் சேராது.

எந்த வழியானாலும், செமஸ்டர் தொடங்கும் முன்பே பாடத்தின் பெயர், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்குப் பதில் என்று எழுதி, துறைத் தலைவரிடம் கொடுத்து அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தேர்வெல்லாம் முடித்து சான்றிதழோடு போய் நின்றால் கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "இதை முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமேம்மா."