அரை லிட்டர் ஆயில்

சென்னையிலிருந்து திருச்சி போகும் வழியில், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி டீக்கு நிறுத்தினோம். வண்டி ஓட்டி வந்தவள் என் தங்கை மகள் கயல். "மாமா, வளைவுல திரும்புறப்பல்லாம் ஆயில் லைட் ஒரு செகண்ட் எரிஞ்சு அணையுது" என்றாள். இரண்டு டீ சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினோம்.

இன்ஜினை நிறுத்திய கையோடு ஆயில் பார்க்கக் கூடாது. மேலே ஏறிய எண்ணெய் அடியில் இருக்கும் சம்ப்புக்கு வடிந்து வர ஐந்து நிமிஷமாவது வேண்டும். டீ வந்து, பாதி குடித்தும் ஆயிற்று. அப்புறம் ஆயில் கம்பியை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவிக் காட்டினேன். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. கம்பியின் நுனியில் மட்டும் நகக்கண் அளவுக்குக் கறுப்பாக ஈரம்.

எதிரே பெட்ரோல் பங்கில் ஆயில் இருந்தது. ஆனால் கயலின் வண்டியில் இருப்பது ஒரு கம்பெனியின் 5டபிள்யூ-30. பங்கில் இருந்ததோ இன்னொரு கம்பெனியின் 5டபிள்யூ-40. இரண்டு டப்பாவிலும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்றுதான் போட்டிருந்தது. "வேற கம்பெனி ஆயிலைக் கலந்தா உள்ள கட்டிதட்டிடும்னு சொல்றாங்களே மாமா. மெதுவா ஓட்டிட்டு திருச்சியில நம்ம ஆயிலயே ஊத்திக்கலாமா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்காமலே ஓட்டிப்போன நண்பர் ஒருவரின் இன்ஜினைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கிராங்கும் கனெக்டிங் ராடும் சேரும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பேரிங் ஷெல் இருக்கும். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய அதன் உள்பக்கம் கீறிக் கீறி, மேல்பூச்சு போய், அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது. விரலை வைத்தால் நகம் மாட்டியது. ஓடும் இன்ஜினில் கிராங்க் அந்த ஷெல்லைத் தொடுவதே இல்லை. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நடுவே நின்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆயில் குறைந்த வண்டி வளைவில் திரும்பும்போது சம்ப்பில் இருக்கும் கொஞ்சமும் ஓரமாக ஒதுங்கிவிடும். பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். கயலின் விளக்கு எரிந்தது அந்த நொடியில்தான். வேறு கம்பெனி ஆயில் அரை லிட்டர் சேர்ந்து கெட்ட இன்ஜினை நான் பார்த்ததில்லை. ஆயிலே இல்லாமல் செத்த இன்ஜினைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் பதில்: ஊற்று. ஊற்றாமல் வண்டியை எடுக்காதே.

ஏன் கலக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? டப்பாவுக்குள் இருப்பது ஒரே பொருள் இல்லை. பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, பத்தில் ஒன்றிரண்டு பங்கு, சேர்மானங்கள்: தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள், கசடைக் கழுவக் கால்சியம் அல்லது மக்னீசியம் உப்புகள், கரியைத் திரளவிடாமல் மிதக்க வைக்க ஒன்று, நுரை அடக்க ஒன்று, சூட்டில் எண்ணெய் ரொம்ப நீர்த்துவிடாமல் இருக்க ஒரு பாலிமர். எல்லாக் கம்பெனிக்கும் சரக்கு ஏறக்குறைய இதுதான், அளவுதான் வேறு. இரண்டு வீட்டுச் சாம்பாரை ஒன்றாகக் கொட்டினால் அதுவும் சாம்பார்தான், விஷமாகிவிடாது. ஆனால் எந்த வீட்டு அம்மா பார்த்துப் போட்ட பொடியளவும் அதில் இருக்காது. அவசரத்துக்குக் கலப்பதில் தப்பில்லை, அதையே வழக்கமாக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

'சிந்தெடிக்' என்ற சொல்லை நம்பியும் பயந்தும் குழம்புகிறவர்கள் அதிகம். முன்பெல்லாம் அது, வேதிமுறையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டி எடுத்த பி.ஏ.ஓ. எண்ணெயைக் குறித்தது. பிறகு கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் சமைத்துச் சுத்தமாக்கிய 'குரூப் 3' எண்ணெயும் வந்தது. அதைச் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் தகராறு வந்து, 1999இல் செய்யலாம் என்று முடிவானது. இன்று கடையில் கிடைக்கும் சிந்தெடிக்கில் பெரும்பாலானது இந்தக் குரூப் 3தான். பி.ஏ.ஓ. டப்பாவிலும் தனி பி.ஏ.ஓ. மட்டும் இருக்காது, சேர்மானங்கள் கரையவும், ரப்பர் சீல்கள் சுருங்காமல் இருக்கவும் எஸ்டரோ வேறு எண்ணெயோ கலந்துதான் வரும். கலவையைக் கண்டு பயப்படுகிறோம், கடையில் வாங்குவதே கலவைதான். இன்னொன்று, டப்பாவில் ஏ.பி.ஐ. தர முத்திரை வேண்டுமென்றால், குறிப்புக்காக வைத்திருக்கும் வேறு எண்ணெய்களோடு கலந்து, குளிரவைத்து, சூடாக்கி, பிரிந்து நிற்காமல் ஒன்றாக இருக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும்.

சரி, 30ல் 40ஐ ஊற்றினால்? பின்னால் வரும் எண், இன்ஜின் சூட்டில் எண்ணெயின் கனத்தைச் சொல்கிறது. 100 டிகிரியில் சென்டிஸ்டோக் கணக்கில் அளந்தால் 30 என்பது 9.3க்கும் 12.5க்கும் இடையில், 40 என்பது 12.5க்கும் 16.3க்கும் இடையில். மூன்று லிட்டர் 30ல் அரை லிட்டர் 40 சேர்ந்தால் கனம் கொஞ்சம் கூடும். பெரும்பாலும் 30ன் எல்லைக்குள்ளேயே நிற்கும். முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. அதைச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில். உளுந்தூர்ப்பேட்டையில் அதை மறந்துவிடலாம்.

கலக்கக் கூடாது என்ற பயம் எங்கிருந்து வந்தது? என் கணிப்பு, நம் ஊர் விளக்கெண்ணெய்க்கு அதில் பங்கு உண்டு. 1909இல் இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி விளக்கெண்ணெய் சேர்த்த இன்ஜின் ஆயிலுக்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தது. காஸ்டர் ஆயில் என்பதிலிருந்து வந்த பெயர். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் இன்ஜின்கள் விளக்கெண்ணெயில்தான் ஓடின. ஆமணக்கு எண்ணெய் மண்ணெண்ணெய் வகையறாவோடு ஒட்டாது. இரண்டையும் கண்ணாடி டம்ளரில் கலக்கி வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் விளக்கெண்ணெய் அடியில் போய்த் தனியாக நிற்கும். அந்தக் காலத்தில் 'கலக்காதே' என்றது சரியான எச்சரிக்கை. எண்ணெய் மாறிவிட்டது, எச்சரிக்கை மட்டும் தங்கிவிட்டது.

கட்டிதட்டும் என்பது கூலன்டுக்குப் பொருந்தும். ஒத்துப்போகாத இரண்டு வகை சேர்ந்தால் கசடு திரளலாம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருக்கிறதா? கலந்த ஆயில்மேல் பழியைப் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையாகவே கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. ஏப்ரல் 2020லிருந்து வரும் பி.எஸ். 6 டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. கரி அதில் எரிந்து போய்விடும். ஆயிலின் சேர்மானத்தால் வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில், டப்பாவில் சி2, சி3 என்று கார்ப் புத்தகம் சொல்வதே வேண்டும். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஏ.பி.ஐ. முத்திரையில் எஸ்.பி. தரமோ அதற்குப் பிந்தியதோ பாருங்கள். அந்த இன்ஜின்களில் நேரத்துக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்காகவே 2020இல் அந்தத் தரத்தில் தனிச் சோதனை வைத்தார்கள். பைக்கில் மட்டும் கார் ஆயிலை ஊற்றவே வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. கார் ஆயிலின் வழுக்கல் சேர்மானத்தால் கிளட்ச் நழுவலாம்.

கயலின் கார் சாதாரண பெட்ரோல் வண்டி, டர்போ இல்லை. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தில் கேட்ட தரம் அதில் இருந்தது. தண்ணீர் பாட்டிலின் வாய்ப்பகுதியை வெட்டி, ஈரம் போகத் துடைத்து, புனலாக வைத்தோம். முதலில் அரை லிட்டர் மட்டும். முழு டப்பாவையும் கவிழ்த்தால் மேல்கோட்டைத் தாண்டலாம். கிராங்க் அதை அடித்து நுரையாக்கினால் அதுவும் கெடுதல்தான். ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பியில் நடுவே பளபளவென்று ஒரு கோடு தெரிந்தது.

"அப்ப அடுத்த சர்வீஸ்ல?"

"முழுசா வடிச்சுட்டு, ஃபில்டரையும் மாத்தி, உன் புத்தகத்துல இருக்கிற 30ஐயே ஊத்தச் சொல்லு. அதுக்கு முன்னால, இவ்வளவு ஆயில் எங்க போச்சுன்னு கேளு. அடியில ஒழுகுதா, புகையில எரியுதான்னு பார்க்கணும்."

மீதி இருந்த டப்பாவை மூடி டிக்கியில் வைக்கும்முன், கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதன்மேல் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினாள். வளைவுகளில் விளக்கு எரியவில்லை. பெரம்பலூரில் வண்டியை நிறுத்தி, பனியன் வேஸ்ட் எங்கே மாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.