நிலப்படச் சேவையும் சூழல்மாறியும்

நிலப்படங்களை இணையவழி வழங்கும் மென்பொருள்களுள் 2001-ஆம் ஆண்டு தோன்றிய ஜியோசர்வரும் ஒன்று. படஅடுக்குகள், வரைபாணிகள், பயனர் கணக்குகள் முதலிய அமைப்புக்களெல்லாம் அதன் தரவுக் கோப்புறையில் அடங்கும். வேறிடம் குறியாவிடின் அக்கோப்புறை நிரலின் உள்ளேயே அமையும். ஆதலின், புதிய பதிப்பை நிறுவுதற்குப் பழைய நிரலை அழிப்போர், நெடுநாள் உழைத்தமைத்த யாவற்றையும் உடனிழப்பர்.

இதனைத் தடுக்கும் வழியை நாம் ஈண்டு விளக்குவாம். சூழல்மாறியாவது, ஒரு நிரல் தொடங்குங்கால் இயக்கமுறைமை அதற்கு அளிக்கும் பெயரும் மதிப்புமாம். கோப்புறையை நிரலுக்குப் புறம்பே வைத்து, அவ்விடத்தை 'ஜியோசர்வர்_டேட்டா_டிர்' என்னுஞ் சூழல்மாறிக்கு மதிப்பாகத் தருதல் வேண்டும். தொடக்கத்திலேயே அது படிக்கப்படுதலின், மாற்றியபின் சேவையை மீளத் தொடங்குதல் இன்றியமையாதது.

பேழை பழுதுற்று மாற்றப்படினும் உள்ளிருந்த ஏடு அழிதலாகாது. நிரலைப் பேழையாகவும் தரவை ஏடாகவும் நாம் கருதுவோமாக.