அம்மா எண்ணிய சம்பளம்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பராவில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். ஆண்களோடு சேர்ந்து உழைத்தும், பெண்களுக்கு நாட்சம்பளம் குறைவுதான்.

எங்கள் தோட்டத்தில் "தலைவர்" என்றால் அது சௌமியமூர்த்தி தொண்டமான். 1947இல் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் சென்றார். இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு அத்தேர்தலில் ஏழு ஆசனங்கள் கிடைத்தன. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் எம்மவரில் பெரும்பாலானோரின் வாக்கும் பறிபோனது.

வாக்கில்லாத சனத்துக்குத் தொழிற்சங்கமே பலமாயிற்று. அந்தப் பலத்தோடு 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் மீண்டும் தெரிவான தலைவர், 1978இல் அமைச்சரானார். 1984இல் வேலைநிறுத்தத்தின் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. அந்த மாதச் சம்பளத்தை அம்மா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

ஆனால் சந்தா கட்டியதும் வேலைநிறுத்தத்தில் நின்றதும் பெண்கள். மேடையில் இருந்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள். தலைவர் 1999இல் காலமானார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. மலையகப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவாக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல்.

சகோதரிகளே, இடம்பெயர்வில் அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கிராம அலுவலரிடம் போங்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வாக்கை இழந்தவர்களின் மகள் சொல்கிறேன், அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள்.