நாற்று நடும் தாய்க்கு நெல்லிக்கனியும் உரிமை

சோழவந்தான் வயல்களில் நடவு நடும் நம் பெண்கள் பலர், கர்ப்பக் காலத்திலும் கூலியை விட முடிவதில்லை. தட்டில் சோறு இருக்கும், காய்கனி இருக்காது.

பனிக்குடச் சவ்வுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அது உருவாக வைட்டமின் சி தேவை. அந்தச் சத்து குறைந்தால், 37 வாரத்துக்கு முன்பே பனிக்குடம் உடையும் ஆபத்து கூடலாம் எனச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கிருமித்தொற்றும் ஒரு காரணம். மாத்திரை மட்டுமே இதைத் தடுத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை அன்றாடம் வேண்டும்.

கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவோம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். அது சலுகையல்ல, உரிமை, கேட்டு வாங்குவோம்.

நீர் கசிந்தால் நடவு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைப்போம்.