சத்தம் போடாத கார்: ஒரு பட்டறைப் பாடம்

பழைய பேருந்தில் பயணம் செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும்: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஜன்னல் கண்ணாடி கடகடவென அடிக்கும், வேகம் மாறினால் அடங்கிவிடும். "ஏன் அப்படி?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒத்ததிர்வு என்ற பாடத்திற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இதே கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடியவர்கள், இங்கிலாந்தின் கார் உடல் கட்டும் கைவினைஞர்கள்.

அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் முழு காரை விற்கவில்லை. எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டத்தை மட்டுமே தந்தது. அதன்மேல் உடலைக் கட்டியவை பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு போன்ற பட்டறைகள். பார்க்கரும் ஹூப்பரும் குதிரை வண்டி கட்டிய பரம்பரையில் வந்தவை. 1907இல் 'சில்வர் கோஸ்ட்' என்று பெயரிடப்பட்ட காருக்கு உடல் கட்டியது பார்க்கர் பட்டறைதான். அந்தக் கார் ஓசையின்றி ஓடியதே அதன் பெயரில் 'ஆவி' என்ற சொல் இடம்பெறக் காரணம்.

முதலில் எலும்புக்கூடு. ஆஷ் மரத்தில் சட்டம் செய்தார்கள். அது உறுதியானது, அதிர்ச்சியைத் தாங்கி வளைந்துகொடுக்கும், திருகாணியை இறுகப் பிடிக்கும். மூட்டுகளைச் செதுக்கிப் பொருத்தி, பசையும் திருகாணியும் இட்டு, பளு விழும் இடங்களில் இரும்புப் பட்டைகளால் வலுவூட்டினார்கள்.

அடுத்து தோல். தட்டையான மெல்லிய தகடு முரசுபோல் அதிரும். வளைந்த தகடு விறைப்பாக நிற்கும். எனவே அலுமினியத் தகட்டை இரு உருளைகளுக்கு இடையே மீண்டும் மீண்டும் ஓட்டி, பொறுமையாக வளைவு கொடுத்தார்கள். தகட்டின் உட்புறம் ஒட்டப்படும் கம்பளி போன்ற மென்பொருள் அதிர்வாற்றலை உறிஞ்சி, மிகச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடும்.

கிறீச்சிடும் ஒலிதான் பெரிய சவால். மேடுபள்ளத்தில் அடிச்சட்டம் முறுக்கும்போது மரத்தோடு மரம் உராயும். ஒட்டிக்கொள்வதும் நழுவுவதுமாக மாறிமாறி நடக்கும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதுதான். 1920களில் முன்னாள் விமானி சார்லஸ் வேமன் இதற்கு எளிய வழி கண்டார். மரத்துண்டுகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டு, உலோகத் தகடுகளால் அவற்றை இணைத்தார். மேலே உலோகத்துக்குப் பதில் துணி போர்த்தினார். மரம் மரத்தைத் தொடவில்லை, ஒலியும் எழவில்லை. உடல் வளைந்துகொடுத்தது, எடையும் குறைந்தது. ஆனால் துணி நாளடைவில் நைந்தது. உலோகத்தின் பளபளப்பும் அதற்கு இல்லை. 1930களில் அம்முறை மெல்ல மறைந்தது.

இவற்றை வகுப்பில் செய்து காட்ட மூன்று எளிய வழிகள்:

1. நான்கு தீக்குச்சிகளை சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் சதுரமாக இணையுங்கள். அழுத்தினால் சாயும். மூன்றால் முக்கோணம் செய்யுங்கள். சாயாது.

2. ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் தொங்கும். நீளவாக்கில் சற்றே வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும்.

3. எவர்சில்வர் தட்டைத் தட்டுங்கள். பின்புறம் ஈரத்துணியை ஒட்டி மீண்டும் தட்டுங்கள். ஒலியின் வேறுபாட்டை மாணவர்களே சொல்லட்டும்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தச்சரின், டிங்கர் வேலை செய்பவரின், மெக்கானிக்கின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். 'விறைப்பு', 'உராய்வு' என்ற சொற்களை நாம் கரும்பலகையில் எழுதுமுன்பே அவற்றைத் தம் வீட்டில் பார்த்தவர்கள் அவர்கள். "உங்கள் அப்பா கதவு கிறீச்சிட்டால் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். வழக்கமாகக் கடைசி வரிசையில் மௌனமாக இருக்கும் ஒரு குரல், அன்று பாடத்தைத் தொடங்கி வைக்கலாம்.