கை நடுக்கத்தை அடக்கும் மூளை மின்தூண்டல் சிகிச்சை

பார்க்கின்சன் நோய் கண்டவர்களில் பெரும்பாலோரிடம் முதலில் கண்ணில் படுவது கை நடுக்கம்தான். கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போதே, மாத்திரையை உருட்டுவது போலப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஆடிக்கொண்டிருக்கும். 1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. தமிழில் இதை நடுக்குவாதம் என்றும் சொல்வர்.

நடுக்கம் ஏன் வருகிறது?

உடலின் அசைவுகள் சீராக இருக்க மூளைக்கு டோபமின் என்னும் இரசாயனம் தேவை. அதைச் சுரக்கும் நடுமூளை உயிரணுக்கள் அழிந்து வருவதால் இந்நோய் உண்டாகிறது. 1960களில் வந்த லெவோடோபா மருந்து, மூளைக்குள் டோபமினாக மாறி அக்குறையை ஈடுசெய்கிறது. இன்றும் முதன்மையான மருந்து அதுவே.

ஆயினும் சில ஆண்டுகள் சென்றபின், அடுத்த வேளை மருந்துக்கு முன்பே முந்திய வேளையின் பலன் தீர்ந்துவிடுகிறது. மருந்தைக் கூட்டினால் உடல் தானாக நெளியத் தொடங்குகிறது. சிலருடைய நடுக்கம் மருந்துக்குக் கட்டுப்படுவதே இல்லை. இத்தகையோருக்கு உதவுவதுதான் மூளை மின்தூண்டல் சிகிச்சை.

சோதனையில் பிறந்த வழி

முன்பு நடுக்கத்தை நிறுத்த, மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸ் பகுதியில் ஒரு சிறு இடத்தை மருத்துவர்கள் அழித்துவிடுவார்கள். இடம் சரிதானா என்று பார்க்க, முதலில் அங்கே மின்சாரம் செலுத்திச் சோதிப்பது வழக்கம். 1987ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனபிட் அப்படிச் சோதித்தபோது, விநாடிக்குச் சுமார் 100 துடிப்புகள் சென்றதும் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் அது திரும்பி வந்தது. மூளையை அழிக்காமலேயே நடுக்கத்தை அடக்கலாம் என்பது அப்போது தெளிவாயிற்று. அமெரிக்காவில் இம்முறை 1997ல் நடுக்கத்துக்கும், 2002ல் பார்க்கின்சன் நோயின் மற்ற அறிகுறிகளுக்கும் அனுமதி பெற்றது.

எப்படிச் செய்கிறார்கள்?

எம்.ஆர்.ஐ. படத்தின் துணையுடன் குறித்த இடத்தைக் கணக்கிட்டு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு மெல்லிய மின்கம்பியைச் செலுத்துகிறார்கள். பல வேளைகளில் நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்கு வலி உணர்வு இல்லை. கையை நீட்டச் சொல்லி, நடுக்கம் அடங்குகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்வார்கள். பிறகு காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், இதயத்துக்குப் பொருத்தும் பேஸ்மேக்கர் போன்ற கருவியை வைத்து மின்கம்பியுடன் இணைக்கிறார்கள். மின்சாரத்தின் அளவை நோயாளிக்கு ஏற்றபடி சரிசெய்ய, மருத்துவரிடம் பலமுறை செல்ல வேண்டியிருக்கும்.

யாருக்குப் பலன்?

பொதுவாக, லெவோடோபா எந்த அறிகுறிகளைக் குறைக்கிறதோ அவற்றையே மின்தூண்டலும் குறைக்கும். நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு; மருந்துக்கு அடங்காத நடுக்கமும் மின்சாரத்துக்கு அடங்கக்கூடும். ஆனால் பேச்சுக் குழறல், உடல் சமநிலை இழப்பு, மறதி ஆகியவற்றை இது தீர்ப்பதில்லை. சிலருக்குப் பேச்சு மேலும் மங்குவதும் உண்டு. மறதி நோய் முற்றியவர்களுக்கு இது ஏற்றதன்று. ஆகவே, எல்லாம் கைமீறிய பிறகு கடைசி முயற்சியாக இதை நாடுவது பயன் தராது. மருந்து ஓரளவு வேலை செய்துகொண்டிருக்கும் காலத்திலேயே நரம்பியல் நிபுணரிடம் இதுபற்றிக் கேட்பது நல்லது.

ஆபத்து உண்டா?

மூளையில் இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் சிலருக்கு ஏற்படலாம். சாதாரண மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மின்னேற்றம் செய்யக்கூடியவை நெடுநாள் உழைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையன்று. உயிரணுக்களின் அழிவு உள்ளே தொடரவே செய்யும். அதனால் பெரும்பாலோர் மருந்தை அளவு குறைத்தேனும் உட்கொண்டு வரவேண்டும். ஆயினும் தன் கையால் சட்டைப் பொத்தானைப் போடவும், சிந்தாமல் தேநீர் அருந்தவும் முடிகிற சில ஆண்டுகள் நோயாளிக்குச் சிறிய வரமன்று. எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்து முடிவெடுத்தால் பின்னர் ஏமாற்றம் இராது.