முதல் இரண்டு சீட்டு

ரம்மி ஆடுகிறவர்களுக்கு 'டிராப்' பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் சுற்றிலேயே விலகினால் 20 பாயிண்டோடு போய்விடும். பிடிவாதமாக ஆடித் தோற்றால் 80 வரை ஏறும். 1967-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தபோது, எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என்கிற கணிப்பைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அதே வரிசையில் வைத்தது. (2025-இல் வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது.) போக்கரில் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், எதிராளியின் முகத்தைப் படிப்பதில் என்பார்கள். அது சினிமா கொடுத்த எண்ணம். பந்தயத் தொகை வரம்பு கட்டிய லிமிட் ஹோல்டெமில், அதுவும் பத்துப் பேரில் ஆறேழு பேர் எந்தச் சீட்டோடும் உள்ளே வருகிற மேசையில், முதல் இரண்டு சீட்டைப் பார்த்ததும் எடுக்கிற முடிவுதான் பெரிது.

எல்லாரும் கண்டபடி ஆடும்போது நான் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. பந்தயம் 2, 4 ரிங்கிட் என்று வரம்பு கட்டிய ஒரு மலேசிய மேசை என்று வைத்துக்கொள்வோம். முதலில் கட்டாயமாக வைக்கும் தொகை 1-ம் 2-ம். பத்துப் பேர் மேசையில் ஒரு சுற்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவு 3 ரிங்கிட்தான். உதவாத சீட்டோடு இரண்டு தடவை உள்ளே போனாலே 4 ரிங்கிட் போய்விடுகிறது. பாதி அமைந்த கையை விட மனமில்லாமல் தொடர்ந்தால் இன்னும் போகும். அடுத்தவர் கவனமின்மையால் வரும் லாபம், அவரைப் போலவே ஆடினால் நம் கைக்கு வராது.

அதற்காக, பெரிய சீட்டை மட்டும் பிடித்தால் போதும் என்பதும் சரியல்ல. ஜோடி ஏஸ் ஒரே எதிராளியிடம் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். ஒன்பது பேரும் கடைசிவரை நின்றால் 31 தடவைதான். பத்தில் ஒரு பங்கைவிட அது மூன்று மடங்கு என்பதால் லாபம்தான். அடி வாங்குவது இனம் மாறிய ராஜா-ஜாக்கி, ராணி-பத்து போன்ற கைகள். ஒரு ஜோடி அமைந்தாலும் அத்தனை பேரில் யாரோ ஒருவரிடம் அதைவிட நல்லது இருக்கும். பந்தயத்தை விருப்பம்போல் ஏற்றி அவரை விரட்டவும் வழியில்லை. மாறாக, ஜோடி நாலு, ஜோடி ஐந்து போன்றவை இங்கே மதிப்புப் பெறுகின்றன. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில் அதே எண் விழுந்து மூன்றாக அமைவது எட்டரைக்கு ஒரு தடவைதான். ஆனால் ஆறு பேர் மலிவாக உள்ளே வந்து, பின்னாலும் பணம் போடுவார்கள் என்றால் அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகும். ஒரே இனத்தில் ஏஸும் சின்னச் சீட்டும் இதே கணக்கில் சேரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ஒரே இனம்' என்றதும் ஜாக்கி-மூன்றைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே இனத்து இரண்டு சீட்டு எதுவானாலும், கடைசிவரை போய் அதே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்து ஃபிளஷ் ஆவது நூற்றுக்கு ஆறேழு தடவை. அப்போதும் ஏஸ் வைத்திருப்பவருக்கு இருக்கிற நிம்மதி ஜாக்கிக்கு இல்லை. உட்காரும் இடமும் கணக்கில் வரும். ஜோடி நாலை முதல் ஆளாக வைத்தால் பின்னால் எத்தனை பேர் வருவார்கள், யார் ஏற்றுவார்கள் என்று தெரியாது. கடைசியாகப் பேசுகிறவருக்கு முன்னால் ஐந்து பேர் ஏற்கெனவே பணத்தைப் போட்டிருப்பார்கள்.